கல்லறைப் புறம்போக்கு

முப்பதடித் தண்ணீருக்கு அடியில், ஒரே ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் கட்டியவன் நான். கொத்தனார் கிடையாது, சித்தாள் கிடையாது.

எண்பத்தாறில் சர்வே இலாகாவிலிருந்து ஓய்வு பெற்று நாகமரையில் குடியிருந்தேன். மேட்டூர் அணைத் தண்ணீர் எங்கள் ஊர்வரை தேங்கி நிற்கும். எதிர்வீட்டு ஸ்தனிஸ்லாஸ் அதில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவன். அவன் வலையில் ஆமைகள் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்தன. ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் அளவு. நீங்கள் நம்ப வேண்டுமானால் குழவி அளவு. இனி ஒரு ஆமை செத்தாலும் ஊரில் ஒருவனுக்கும் லைசென்ஸ் கிடையாது என்று மீன்துறை இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். ஸ்தனிஸ்லாசுக்கு வேறு பிழைப்பு இல்லை.

நான் விடுவேனா? பரிசலில் போய் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தேன். கரைப் பாறைகளைக் குறிவைத்து அளந்து படம் போட்டேன். ஆமை செத்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. அத்தனையும் ஒரே வளைவில், அம்மை போட்ட மாதிரி. அதைச் சுற்றிக் கோடிழுத்து, யாரும் வலை போடக்கூடாது என்பதற்கு எங்கள் இலாகா வழக்கப்படி 'புறம்போக்கு' என்றெழுதி டீக்கடையில் ஒட்டினேன்.

மறுநாள் ஊர்ப் பரிசல் அத்தனையும் அந்த வளைவில்!

"பொறம்போக்குன்னு நீங்கதானே எழுதுனீங்க? மொதல்ல போறவனுக்குத்தானுங்களே அது!" என்றான் பரிசல்காரன் மாதப்பன்.

கூடை கூடையாகச் செத்த ஆமைகள். இன்ஸ்பெக்டர் கண்ணில் படுமுன் ஸ்தனிஸ்லாஸ் கரையில் குழிவெட்டிப் புதைத்தான். ஒன்றின் கால் அசைந்தது. ஓடிப்போய்த் தண்ணீரில் விட்டான். மல்லாந்து மிதந்தது.

அந்தக் குழியைப் பார்த்ததும் எனக்குச் சொல் கிடைத்துவிட்டது. படத்தில் புறம்போக்கை அழித்து, 'அணைக்கு முந்தைய கல்லறைத் தோட்டம்' என்றெழுதினேன். பரிசல்காரர்களில் பாதிப்பேர் மாதா கோயில்காரர்கள். மீதிப்பேர் பேய்க்குப் பயந்தவர்கள். அதற்குப் பிறகு ஒரு வலைகூட அந்தப் பக்கம் போகவில்லை. லைசென்ஸ் தப்பியது.

ஸ்தனிஸ்லாஸின் மனைவி ரோசம்மா மட்டும் நம்பவில்லை. "அந்த வளைவுல ஏதுங்க கல்லறை? எங்க மாமனார் ஒருநாளும் சொன்னதில்ல. புளுவறதுக்கும் ஒரு அளவு வேணுமுங்க, சர்வேயரய்யா!"

அடுத்த கோடையில் மழை பொய்த்து அணை வற்றியது. வளைவு வெளியே வந்தது. வெடித்த சேற்றில், காப்பாற்றிய ஆமைகளின் வெற்று ஓடுகள். நடுவே சாய்ந்து நின்றன கற்சிலுவைகள். ரோசம்மா முழங்காலிட்டு ஒன்றைச் சேலை நுனியால் துடைத்தாள். பெயர் அழிந்திருந்தது. முழ உயரம்கூட இல்லை, குழந்தைக்கு வைத்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பினாள்.

"ஒண்ணும் பேசாதீங்க. நீங்க எழுதுன எடத்துலதான் இருக்குதுங்க."