ஆமா சொல்லும் வரை

மருந்து அட்டைப்பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டாக்டர், நர்ஸ், சமூகப்பணி படிக்கும் மாணவி, அவளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். டீச்சரும் டாக்டரும் கணவன் மனைவி என்பது அந்தச் சின்ன கிராமத்து ஆஸ்பத்திரியின் சுவருக்குக்கூடத் தெரியும். நகரத்துக் கல்லூரியில் வேலை கிடைத்திருப்பதாக அவள் சொன்னதிலிருந்து அவர் அவள் முகத்தையே பார்ப்பதில்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கோபம்தான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். கல்லூரிக்கு நாளை பதில் சொல்லியாக வேண்டும்.

"ஒரே ஒரு விதி," என்றாள் டீச்சர். "முன்னால பேசினவங்க சொன்னதைத் திருப்பிச் சொல்லணும். அவங்க 'ஆமா'ன்னு சொன்னப்புறம்தான் நம்ம கருத்து."

"கிளிப்பிள்ளை வைத்தியமா?" என்றார் நர்ஸ். "எங்க வீட்டுக்காரருக்கும் மூணு வேளைக்கு எழுதிக் குடுங்க மேடம்."

பேச்சு, காலில் ஆறாத புண்ணோடு வந்துகொண்டிருந்த கொத்தனாரைப் பற்றியது. கட்டு மாற்ற வருவதைத் திடீரென்று நிறுத்திவிட்டார்.

"எவ்வளவோ சொல்லியாச்சு, கேக்கல," என்றார் டாக்டர்.

"நீங்க எவ்வளவோ சொல்லியும் அவர் கேக்கல," என்றாள் மாணவி.

"ஆமா."

"நேத்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன் சார். கடைசியா வந்தப்போ நீங்க காலை மட்டும்தான் பாத்தீங்களாம், முகத்தைப் பாக்கலையாம். கால் போயிடுச்சு போலன்னு நினைச்சுக்கிட்டாரு."

"அதாவது, நான் அவரை மதிக்கலை."

"இல்ல சார்."

"எனக்கு அக்கறை இல்ல."

"அதுவும் இல்ல சார்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். குறுக்கே புகுந்து கணவரைக் கரையேற்ற டீச்சருக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவர் என்னதான் சொல்லப்போகிறார் என்று கேட்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

டாக்டர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "நான் முகம் பாக்காததையே பதிலா எடுத்துக்கிட்டாரு."

"ஆமா சார்."

"கால் தேறிடும்னுதான் நினைக்கிறேன். அடிச்சுச் சொல்ல முடியலை. சாயங்காலம் நானும் உங்ககூட அவர் வீட்டுக்கு வரேன்." பேனாவைப் பார்த்தபடியே சொன்னார்: "பயமா இருந்தா எனக்கு முகத்தைப் பாக்க வராது."

அடுத்து டீச்சரின் முறை. விதி போட்டவளே அவள்தான்.

"உங்களுக்கு..." அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குப் பயமா இருந்தா, முகத்தைப் பாக்க வராது."

ஆமாவுக்காக மாணவி காத்திருந்தாள். டாக்டர் ஆமா சொல்லவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, மெல்ல நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.