சுத்த சைவ நத்தைகள்

சண்முகம் டிபன் கடையில் மீன் தொட்டி இருந்தது. மீன் இல்லை. இட்லியைப் பிய்த்துப் போட்டு வளர்த்ததில் எல்லாம் செத்துப்போயின. நத்தைகள் மட்டும் பிழைத்தன. மஞ்சள் நிறம். நெல்லிக்காய் அளவு.

பவானிபூரில் அந்தக் கடைக்குத் தமிழர்கள் இட்லிக்கு வந்தார்கள். வங்காளிகள் தோசைக்கு வந்தார்கள். நத்தைக்காக யாரும் வரவில்லை. சண்முகம் மட்டும் கல்லாவில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்னை ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்பாள் மனைவி சௌந்தரம்.

"நீ நிக்க மாட்டேங்கிறியே."

அடுப்படியில் மிஞ்சியதெல்லாம் தொட்டிக்குப் போனது. உப்பில்லாமல் வேகவைத்த கீரை, வெள்ளரி, பீன்ஸ், பூசணித் துண்டு. அடுத்தடுத்த நாள் அதையே போட்டால் நத்தைகள் ஒதுங்கிக்கொள்ளும். சண்முகம் உடனே காயை மாற்றுவான்.

"கஸ்டமருக்கு மூணு நாளா ஒரே சாம்பார்," என்றாள் சௌந்தரம்.

"அவங்க சாப்பிட்டுட்டுப் போறாங்களே."

நத்தையை விற்றவன் அன்றே சொல்லியிருந்தான். காய் மட்டும் போதாது. ஓடு கெட்டிப்பட முட்டை ஓட்டைப் பொடித்துப் போட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை துளி மீன். சண்முகம் தலையாட்டிவிட்டு வந்தான். கடை வாசலில் 'சுத்த சைவம்' என்று பலகை தொங்கியது. அதை எழுதியவனும் அவன்தான்.

நத்தைகளின் ஓடு வெளுத்தது. பெரியதன் பெயர் மேனேஜர். எதற்கும் அசையாது என்பதால் அந்தப் பெயர். அதன் ஓட்டில் குழி விழுந்தது. பிறகு குழி ஓட்டையாகப் பார்த்தது.

எதிர்ச் சாரியில் அசோக்கின் எக் ரோல் வண்டி. அதன் காலடியில் முட்டை ஓடு குவிந்து கிடந்தது. சண்முகம் கல்லாவிலிருந்து அதைப் பார்ப்பான். சாலையைக் கடக்க முடியவில்லை. காரணம் ராகவேந்திரன்.

ராகவேந்திரன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தினமும் தொட்டியை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து காபி குடிப்பார். மகள் பூர்ணிமா காளிகாட்டில் ஒரு வங்காளிப் பையனைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். ஒரு வருஷம் சண்டை போட்டுத் தோற்றார். மகளிடம் தோற்றதை எல்லாம் கல்யாணச் சாப்பாட்டில் ஜெயிக்கப் பார்த்தார். முகூர்த்தம் அவர் முறைப்படி. சாப்பாடு வாழை இலையில், வெங்காயம்கூட இல்லாமல். மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றுக்கும் சிரித்தபடி தலையாட்டினாள்.

சமையல் ஆர்டர் சண்முகத்துக்கு. கடைக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை.

"இதுகளுக்கு என்னய்யா போடறே?" என்று தொட்டியைக் காட்டிக் கேட்டார் ராகவேந்திரன்.

"கீரை சார்."

"கீரை மட்டும்தானே? உள்ளே ஒரு புழு விழுந்தாலும் ஆர்டர் கான்சல். சமைக்கிற இடம் பாரு."

"ஒரே ஒரு முட்டை ஓடு..."

"என்னது?"

"ஒண்ணும் இல்லைங்க," என்றாள் சௌந்தரம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் ராகவேந்திரன் கடையின் பின்வாசலில் வந்து நின்றார். இதுவரை அந்தப் பக்கம் வந்தவரில்லை. கையில் துணி மூடிய பெரிய தாம்பாளம். தள்ளிப் பிடித்திருந்தார்.

"சண்முகம், கதவைச் சாத்து."

துணியை விலக்கினார். உள்ளே முழு ரூயி மீன். சிவப்புப் புடவை சுற்றியிருந்தது. நெற்றியில் பொட்டு. மூக்குத்தி. வாயில் வெற்றிலை.

"யாரு இது?" என்றாள் சௌந்தரம்.

"மாப்பிள்ளை ஆத்துலேர்ந்து சீர். அவா வழக்கமாம். மீனுக்குப் பொண்ணு வேஷம் போட்டு அனுப்புவாளாம். ஊர்வலமா வந்து சாமி அலமாரிக்கு முன்னாடி வெச்சுட்டுப் போயிட்டா. எங்காத்து மாமி பாத்துட்டுக் குளிக்கப் போனா. வந்து மறுபடி பாத்துட்டா. இப்போ ரெண்டாவது தடவை குளிக்கறா."

"வேலைக்காரிகிட்ட குடுத்துடலாமே," என்றாள் சௌந்தரம்.

"அவ சாயங்காலம் மாப்பிள்ளை ஆத்துலேயும் பாத்திரம் தேய்க்கறா. பக்கத்து வீட்டுக்காரி சம்பந்தியோட படிச்சவ. எந்த நிமிஷமும் போன் பண்ணி, மீன் எப்படி இருந்துதுன்னு கேப்பா சம்பந்தி." தொட்டிப் பக்கம் தலையை ஆட்டினார். "இதுகள் தின்னுமா?"

சண்முகம் மீனைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"கீரை மட்டும்தான்னு சொன்னீங்க சார்."

"நத்தை வெளியில சொல்லாதுய்யா."

"சுண்டுவிரல் அளவுதான் தின்னும். அதுக்கு மேல போட்டா தண்ணி நாறிடும்."

"மீதி?"

"அசோக் இருக்கான். மாப்பிள்ளை வீடு அவனுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சார். அவன் வண்டியிலேருந்து எனக்கு முட்டை ஓடு வேணும். இன்னிக்கு மட்டும் இல்லை. எப்பவும்."

"வாசல்ல பலகை தொங்குதே?" என்றாள் சௌந்தரம். அவளுக்கு ஆர்டர் கவலை.

ராகவேந்திரன் மீனின் மூக்குத்தியைப் பார்த்தார்.

"பலகை மனுஷாளுக்கு," என்றார்.

அசோக்கை அழைத்து வந்தார்கள். கத்தியும் வெட்டுக்கட்டையும் அவனே கொண்டு வந்தான். சௌந்தரம் அவனை அடுப்படிக்குள் விடவில்லை. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து வெட்டினான்.

"இந்த மருமகளை நானே கூட்டிட்டுப் போறேன் தாதா," என்று வங்காளி வழக்கப்படி ராகவேந்திரனை அண்ணனாக்கிச் சொன்னான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். புடவையும் மூக்குத்தியும் மட்டும் அவரிடம் திரும்பி வந்தன.

சண்முகம் ஒரு சிறு துண்டைத் தொட்டியில் போட்டான். கூடவே பொடித்த முட்டை ஓடு ஒரு சிட்டிகை. மற்ற நத்தைகள் கொம்பை நீட்டின. மேனேஜர் அசைந்தது. கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்து, துண்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

"மேனேஜர் இவ்வளவு வேகமாப் போய் நான் பாத்ததே இல்லை," என்றான் சண்முகம்.

ராகவேந்திரனின் செல்போன் அடித்தது. சம்பந்தி. அவர் வங்காளியில் பேசினார்.

"கிடைச்சுது, கிடைச்சுது. ரொம்ப அழகு... ஆமாம், மீதி இல்லை... யாருக்கா? எல்லாருக்கும் பிடிச்சுது." தொட்டியை எட்டிப் பார்த்தார். "ஒருத்தர் இன்னும் நகரவே இல்லை... வயசானவர்தான். நிதானமா சாப்பிடுவார்."

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சைவக்காரா இப்படி ரசிச்சுச் சாப்பிட்டதுல அவளுக்கு அழுகையே வந்துடுத்தாம். கல்யாணத்துக்கு அப்புறமும் மீன் அனுப்பறேங்கறா. வாராவாரம்."

"வாராவாரமா?" என்றான் சண்முகம். "நத்தை வித்தவனும் அதான் சொன்னான் சார். வாரத்துக்கு ஒருமுறை."

ராகவேந்திரன் அவனை முறைத்தார். தொட்டியைப் பார்த்தார். போனைக் காதில் வைத்தார்.

"சின்னதா அனுப்புங்கோ," என்றார். "புடவை வேண்டாம்."