பாதிக்குப் பாதி

அண்ணிதான் கதவைத் திறந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லாமல், ஷூவின் முடிச்சை அவிழ்ப்பதிலேயே நேரத்தைக் கடத்தினாள் தங்கைக்காரி. முந்தின நாள் சாயங்காலம் ஊரே தெருவுக்கு வந்து வானத்தைப் படம் பிடித்தது. என்றைக்காவது ஒருநாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் துருவ ஒளி, சிவப்பும் பச்சையுமாக வந்துவிட்டுப் போயிருந்தது. சூரியனைப் பார்த்து அது வருமா வராதா என்று சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அதைப் பார்க்கத் தவித்த ஒரே ஆளிடம் அவள் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் தையல்காரன். கண் அழுத்த நோயில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. இந்தக் குளிர்காலம் தாண்டினால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "கண்ணு போறதுக்குள்ள அதை ஒரு தடவை காட்டிடு" என்று தங்கையிடம் கேட்டிருந்தான். இரண்டு தடவை கூட்டிப்போனாள். ஊருக்கு வெளியே இருட்டில் விறைத்து நின்றதுதான் மிச்சம். "எங்க வீட்டு ஜோசியக்காரி மறுபடியும் புலி வருதுன்னுட்டா" என்று வழியெல்லாம் சிரித்தான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சூடு கண்ட பூனையாகிவிட்டாள்.

சூரியனிலிருந்து ஒரு பெரிய வெடிப்பு கிளம்பி வருவது நேற்றுக் காலையே தெரியும். ஆனால் அதன் காந்தம் வடக்கே பார்க்கிறதா, தெற்கே பார்க்கிறதா என்பது வழியில் காவல் நிற்கும் செயற்கைக்கோளைத் தொட்ட பிறகுதான் தெரியும். வடக்கென்றால் பூமியைத் தடவிவிட்டுப் போய்விடும். தெற்கென்றால் காந்தப் புயல், கூடவே துருவ ஒளி. பாதிக்குப் பாதி என்று மின்வாரியத்துக்கும் விமானக்காரர்களுக்கும் கூசாமல் எழுதி அனுப்பினாள். அண்ணனுக்கு மட்டும் நிச்சயமானதும் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். நிச்சயமானபோது வானம் சிவக்க ஆரம்பித்திருந்தது. கூப்பிட வேண்டியவர்களையெல்லாம் கூப்பிட்டு முடித்து அவனை அழைத்தால், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்திப் படுத்திருந்தான்.

"ஏமாந்துடுவாரோன்னு பயந்தேன் அண்ணி."

"ஏமாந்தாரா? அந்த ரெண்டு தடவையும் திரும்பி வந்து வாரக்கணக்கா அதையே பேசிட்டிருந்தாரு. நீ சொல்லியிருக்கலாம்."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தங்கைக்குப் பட்டது. அவள் பயந்தது அவன் ஏமாற்றத்துக்கு இல்லை, அவன் சிரிப்புக்குத்தான்.

குரல் கேட்டு அண்ணன் சுவரைத் தொட்டபடி வந்தான். "வந்துச்சாமே?"

"பாதிக்குப் பாதிதாண்ணா இருந்துச்சு."

"அப்ப பாதி வருதுன்னுதானே?" நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "சரி விடு. அடுத்தது எப்ப?"

சூரியனின் பதினோரு வருஷக் கொந்தளிப்பு உச்சம் தாண்டி அடங்கிக்கொண்டிருந்தது. இனி வருஷக்கணக்கில் பெரிதாக எதுவும் எதிர்பார்ப்பதற்கில்லை. சூரியன் சுழல்வதில் வெடித்த இடமும் நாளைக்கு மறுபக்கம் போய்விடும்.

"இன்னைக்கே கூட வரலாம்ணா."

ஆபீசில் இப்படி எழுதினால் சீட்டுக் கிழிந்துவிடும். அண்ணனோ எழுந்து உள்ளே போய், தானே தைத்த கனத்த கோட்டை எடுத்து வந்தான். "அப்பக் கிளம்பு. முன்னாடியே போய் நிப்போம்."

வெளியே நல்ல வெயில். அண்ணனின் வலது கை கோட்டுக்குள் சட்டென்று நுழைந்துவிட்டது. இடது கை, முதுகுக்குப் பின்னால் தொங்கிய கோட்டுக்கையைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.