அண்ணி மறுபடி இறங்கிய நாள்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் மழை கொட்டும் என்பார்கள். கொட்டினால் கொட்டட்டும். என்னிடம் இருப்பதெல்லாம் நல்ல வார்த்தைதான்.

அண்ணன் பஸ் ஓட்டுகிறான். நான் மருந்துக் கடையில் நிற்கிறேன். அண்ணிக்குத் தானியக் கிடங்கில் வேலை. அங்கே வரிசையாகச் சைலோக்கள் நிற்கும். இரும்புத் தகட்டால் ஆன, வீட்டைவிட உயரமான உருளைகள். கோதுமையை மேலே கொட்டுவார்கள். கீழே மோட்டாரைப் போட்டால் அடிவாய் வழியாக லாரிக்கு இறங்கும். ஈரம் பட்ட கோதுமை சில சமயம் உள்ளேயே கட்டிதட்டி இறங்காமல் நின்றுவிடும். அப்போது யாராவது மேல்வாய் வழியாக உள்ளே போய் நீளக் கம்பியால் குத்தி உடைக்க வேண்டும். அண்ணிக்கு ஒல்லி உடம்பு, உரமான கை. அதனால் எப்போதும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். மேல்வாயில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி காவலுக்கு நின்றாள். கீழே மோட்டார்க்காரர் அப்போதுதான் பக்கத்துக் கொட்டகையிலிருந்து வந்தார். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆள் இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சுவிட்சைப் போட்டார்.

ஓடுகிற கோதுமை புதைமணல் மாதிரி. கண்மூடித் திறப்பதற்குள் முழங்கால், இடுப்பு, நெஞ்சு. மேலே நின்றவள் போட்ட கூச்சல் கீழே கேட்டு மோட்டார் நிற்பதற்குள் கோதுமை அண்ணியின் மோவாயைத் தொட்டிருந்தது. கயிறுதான் அதற்குமேல் அமிழாமல் பிடித்துக்கொண்டது. அப்படியும் ஆபத்து தீரவில்லை. மூச்சை விட்டால் நெஞ்சு சுருங்குமே, அந்த இடத்தையும் கோதுமை வந்து பிடித்துக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு இடம் குறையும். தீயணைப்புக்காரர்கள் வந்து, அண்ணியைச் சுற்றிப் பலகைகளை இறக்கி அடைத்து, அதற்குள் இருந்த கோதுமையை வாளி வாளியாக அள்ளினார்கள். வெளியே தூக்கியபோது விலா எலும்புகள் முறிந்திருந்தன, உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"உள்ள இருந்தப்போ என்ன நினைச்சீங்க?"

"மூக்கு அரிச்சுது. சொறியக் கை வரல. அதையேதான் நினைச்சிட்டிருந்தேன்."

வந்தவர்களுக்குச் சப்பென்று போய்விடும். ஏதோ வெளிச்சம் தெரிந்தது, குரல் கேட்டது என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. இருந்தாலும் போகும்போது மறக்காமல் சொல்வார்கள்: "ஏதோ காரணமாத்தான் உன்னை விட்டு வச்சிருக்கு. உன்னால ஆகவேண்டியது என்னமோ இருக்கு."

வேறொருவர் என்றால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பார். அண்ணி அதை மனதில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்தபிறகும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசிப்பார். போர்வை நெஞ்சில் பட்டால் பதறி எழுவார். "என்னால ஆகவேண்டியது என்னன்னு தெரியலயே" என்று என்னிடமே கேட்டார். மாத்திரை என்றால் எடுத்துக் கொடுப்பேன். இதற்கு நான் எங்கே போவேன்?

நடமாடத் தொடங்கியதும் தேட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் பார்வை மங்கிய நோயாளிகளுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டப் போனார். மோட்டார் இரைச்சலில் கத்திப் பழகிய தொண்டை. வானிலை அறிக்கையைப் படித்தாலும் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஒரு பெரியவர் நர்ஸைக் கூப்பிட்டு, "இந்தம்மாவுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாராம். அண்ணியே அதைச் சொல்லிச் சிரித்தார். விலா வலிக்க வலிக்கச் சிரித்தார். பிறகு ஓவியம் கற்றுக்கொண்டார். அவர் வரைந்த பூனையைப் பார்த்து அண்ணன், "ஸ்டூல் நல்லா இருக்கு" என்றான். தியானம் செய்யும் கூட்டத்துக்கும் போனார். அவர்கள் மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் எழுந்து வந்துவிட்டார்.

ஒரு நாள் மாலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"வாலு," என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "நான் பிழைச்சதுக்குக் காரணம் என்னன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் மாட்டினதுக்குக் காரணம் என்னன்னு யாராவது கேட்டாங்களா?"

"அதான் மோட்டார்க்காரரை வேலையை விட்டு நிறுத்திட்டாங்களே."

"அது பதிலா?"

அடுத்த நாளே என்னையும் இழுத்துக்கொண்டு மோட்டார்க்காரர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அவர் மனைவி அண்ணியைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். சண்டை போட வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். உள்ளறையில் மோட்டார்க்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"அண்ணா, எழுந்திருங்க. நான்தான் வந்திருக்கேன்."

அவர் திரும்பவில்லை. "என் கையால ஒரு உயிரு போயிருக்கும் தங்கச்சி. இந்தக் கைக்குச் சோறு எதுக்கு?"

"உங்க கை சுவிட்சைத்தான் போட்டுச்சு. உள்ள ஆள் இருக்குன்னு அதுக்கு யாரு சொன்னது? நாளைக்கு உங்க இடத்துல வேற ஒருத்தர் வருவார். அவருக்கு மட்டும் யாரு சொல்லப்போறா?"

அவர் மெல்லத் திரும்பினார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். உடனே விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். அண்ணி அழவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "அந்த சுவிட்சை யாரும் போட முடியாதபடி பண்றதுக்கு வழி இருக்கா அண்ணா? மோட்டாரைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "பூட்டலாம். சுவிட்ச் பெட்டியில ஒரு வளையம் வச்சா போதும். உள்ள இறங்கறவங்க தங்களோட பூட்டைப் போட்டு, சாவியை எடுத்துட்டு இறங்கணும். அவங்க வெளிய வந்து திறந்தாத்தான் மோட்டார் ஓடும்."

இருவரும் மேனேஜரிடம் போனார்கள். பூட்டுவது, திறப்பது, சாவியோடு ஆள் ஏறி இறங்குவது என்று பார்த்தால் லாரிகள் தாமதமாகும், பிறகு பார்க்கலாம் என்றார் அவர். பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். அண்ணி வாதாடவில்லை. மதிய இடைவேளையில் சைலோ சைலோவாகப் போய் எல்லோரிடமும் பேசினார். உள்ளே எப்படி இருந்தது என்று முதல் தடவையாக முழுசாகச் சொன்னார். மூச்சை விடப் பயந்து அடக்கிக்கொண்டு நின்றதையும். எங்களிடம்கூட அதை அவர் சொன்னதில்லை.

சில வாரங்களில் மறுபடி ஒரு சைலோவில் கோதுமை கட்டிதட்டியது. கம்பியைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. மிரட்டலுக்கும் அசையவில்லை, கெஞ்சலுக்கும் அசையவில்லை. வெளியே லாரிகள் தெருமுனைவரை நின்றன. கடைசியில் மேனேஜரே கடைக்கு ஓடிப்போய்ப் பூட்டு வாங்கி வந்தார். பெட்டியில் வளையம் வைக்க மோட்டார்க்காரருக்கு ஆள் அனுப்பினார்கள். மறுபடி வேலைக்கும் சேர்த்துக்கொண்டார்கள்.

யார் முதலில் இறங்குவது என்ற பேச்சு வந்தது. அண்ணி, "நான்" என்றார்.

வீட்டில் அண்ணன் ருத்ர தாண்டவம் ஆடினான். "ஒரு தடவை தப்பிச்சது போதாதா? உனக்கென்ன தலையெழுத்தா?"

"ஏங்க, பூட்டைப் போடச் சொன்னது நான். பத்திரமா இருக்கும், நீ போய்ப் பாருன்னு இன்னொருத்தர்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல."

காலையில் அண்ணனே எங்களைக் கிடங்கில் கொண்டுவந்து விட்டான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டான்.

அண்ணி சுவிட்ச் பெட்டியில் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துப் பட்டனையும் மாட்டினார். மோட்டார்க்காரர் சுவிட்சை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடியும்.

"விடுங்க அண்ணா, கையோட வந்துடப் போகுது."

எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. மேல்வாயில் கயிற்றைப் பிடிக்கும் வேலையைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டார். அண்ணி உடனே கயிற்றின் முனையை அவர் கையில் கொடுத்தார். அந்த இடத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கையை நம்பி என் உயிரைக் கொடுக்க என்னால் முடிந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டேன். முடிந்திருக்காது.

உள்ளேயிருந்து கம்பி குத்தும் சத்தம் கேட்டது. இடையிடையே அண்ணியின் குரல். "அண்ணா, இருக்கீங்களா?" "இருக்கேன் தங்கச்சி." ஒரு தடவை நீண்ட நேரம் சத்தமே இல்லை. மோட்டார்க்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "என்னாச்சும்மா?" என்று கத்தினார்.

"ஒண்ணுமில்ல. பயமா இருந்துச்சு. கொஞ்சம் நின்னேன்." மறுபடி குத்த ஆரம்பித்தார்.

வேலை முடிந்து ஏறி வந்ததும் தள்ளிப்போய் வாந்தி எடுத்தார். முகம் கழுவினார். சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, "ம், போடுங்க" என்றார். மோட்டார் ஓடி, கோதுமை இறங்கும் சத்தம் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டு தகட்டில் சாய்ந்து நின்றார். யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

இப்போது அந்தக் கிடங்கில் பூட்டு இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. வேறு கிடங்குகளிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். விடுமுறை நாட்களில் அண்ணியும் மோட்டார்க்காரரும் போய் வளையம் வைப்பது எப்படி என்று காட்டிவிட்டு வருகிறார்கள். போன வாரம் அண்ணியிடம் கேட்டேன்: "விட்டு வச்சதுக்குக் காரணம் இதுதானா அண்ணி?"

"தெரியலடி. அதைச் சொல்றதுக்கு நான் யாரு?" என்றார். "இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன். நாளைக்குக் காலையில ஒரு கிடங்குக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீயும் வர்றியா?"

கடையில் விடுப்பு சொல்லிவிட்டேன்.