சவுக்காரப்பெட்டியின் இரண்டாம் தளம்

உள்ளங்கை அளவான கணினி ஒன்றுக்கு எத்தனை இயங்குதளங்கள் இருக்கவேண்டும் என்ற மாபெரும் கேள்விக்காக மனிதகுலம் முதன்முதலில் இரத்தம் சிந்திய மண் வன்னியின் முரசுமோட்டை என்பதை வருங்காலம் பொன்னெழுத்தில் பொறிக்கும் என்று பதினோராம் வாய்க்கால் கமக்காரர் அமைப்பின் ஆண்டறிக்கை சொல்கிறது. அந்த இரத்தம் அமைப்பின் தலைவர் மயில்வாகனத்தின் மூக்கிலிருந்து சிந்தியது. அடித்ததும் அவர்தான். ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய இடது கை முட்டியாகி எழும்பி அவருடைய மூக்கில் குத்தியது. வலது கை அதைப் பிடித்து முறுக்கியது. பிறகு இரண்டும் சேர்ந்து அவரை வாய்க்காலுக்குள் விழுத்தின. ஆண்டறிக்கையை எழுதியவரும் அவரே என்பதால் இந்தப் பகுதி அதில் இல்லை.

கணினியைச் செய்தவர் குகதாசன். பொறியியல் படித்து, கொழும்பில் சில வருடம் வேலை செய்து, அந்த வேலை தன் மூளைக்குச் சிறிது என்று கண்டு ஊர் திரும்பியவர். தன் கருவிக்கு அவர் 'வேளாண் கையடக்கக் கணினி, தலைமுறை ஒன்று' என்று பெயரிட்டார். ஊர் அதைச் சவுக்காரப்பெட்டி என்றது, அளவும் வடிவும் பச்சை நிறமும் சோப்புக் கட்டி போலவே இருந்ததால். உலகத்தில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் உண்டு. ஐந்து ஓமந்தைக்குப் போய்க் கதவுகள் காற்றில் அடிக்காமல் அடை கொடுத்து நின்றன. மிச்சம் முழுவதும் பதினோராம் வாய்க்காலில் இருந்தன. பெட்டி மழை சொல்லும், பசளை போடும் நாள் சொல்லும். அதைவிட முக்கியமாக, தண்ணீர் தரும். வயல்களுக்குத் தண்ணீர் பிரியும் துருசுக் கதவுகளில் குகதாசன் மின்பூட்டுப் போட்டிருந்தார். முறை வந்தவர் தன் பெட்டியைக் காட்டினால் கதவு திறக்கும். தலைவரின் பெட்டி எந்தக் கதவையும் திறக்கும். பெட்டிக்குள் ஓடிய இயங்குதளத்தின் பெயர் 'ஏகம்'. அது கண் விழித்தவுடன் காணிப் பெர்மிட்டின் இலக்கத்தைக் கேட்கும். இலக்கம் இல்லாதவருக்கு அது முகம் கொடுக்காது, தலைவரின் பெட்டியும் இலக்கம் இல்லாத வயலுக்குத் திறக்காது.

கமலாசனியிடம் இலக்கம் இல்லை. இரண்டு ஏக்கர் வயல் இருந்தது, புருசன் இல்லை, பெர்மிட் இடப்பெயர்வில் போயிருந்தது. எந்த இடப்பெயர்வில் என்று கேட்டால் அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கி, மூன்றாம் விரலில் விட்டுவிடுவார். புதிய பெர்மிட்டுக்குக் கொடுத்த மனு ஏதோ ஒரு கந்தோரில் பழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சிறுபோகத்தின் முதல் தண்ணீர் எல்லாருடைய வயலுக்கும் போனது, அவருடைய வயலுக்குப் போகவில்லை. பெட்டி அவருடைய கையில் வெறும் பச்சைக் கட்டியாகக் கிடந்தது.

ஏகத்தின் அரைவாசிக்கு மேல் எழுதியவர் சிவதர்சினி, குகதாசனிடம் வேலை செய்த பெண். கமலாசனியின் பெட்டியைக் கண்டபின் அவர் மூன்று வாரம் இருந்து வேறோர் இயங்குதளம் எழுதினார். அது இலக்கம் கேட்காது. வயலின் நாலு எல்லையிலும் யாருடைய வயல் இருக்கிறது என்று கேட்கும். சரியாகச் சொன்னால் திறக்கும். அதைக் கொண்டுபோய்க் குகதாசனுக்குக் காட்டினார்.

"அண்ணை, பெட்டியை எடுத்தது அந்தச் சனம். உள்ளுக்க எது ஓடவேணும் எண்டு அதுகளே தெரிவு செய்யட்டுமன்."

"பிள்ளை, உலகத்தில இருக்கிறதே இருநூத்திச் சொச்சம் பெட்டி. அதைப் பாக்க நீயும் நானும். ஒண்டில பிழை வந்தாலே ரெண்டு நாள் சாப்பாடில்லை. ரெண்டு ஓடினா ஆர் திருத்திறது, உன்ர கொப்பரோ?"

"திறக்காட்டில் அது பெட்டியில்லை அண்ணை, சவுக்காரம்தான்."

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். குகதாசன் தன் பக்க நியாயத்தை, கையில் சூடாக இருந்த, ஈயம் பற்றவைக்கும் கோலை எறிந்து முடித்துவைத்தார். அது சிவதர்சினியின் தோளைச் சுட்டுக்கொண்டு போய்ச் சீமெந்துச் சுவரில் நான்கு அங்குலம் இறங்கியது. அதை இன்றுவரை யாராலும் இழுத்தெடுக்க முடியவில்லை. இப்போது அதில் குடை கொளுவுகிறார்கள்.

சிவதர்சினி நேரே றிஸ்வானின் தொலைபேசி திருத்தும் கடைக்குப் போனார். றிஸ்வான் முல்லைத்தீவிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு கைக்குழந்தையாகத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, தாடியோடு திரும்பி வந்தவர். ஒருவரை ஓரிடத்துக்குள் விடாமல் வைத்திருப்பதைப் பற்றி அவருக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. முதலில் கமலாசனியின் பெட்டியில், பிறகு கேட்டு வந்தவர்களின் பெட்டிகளில், ஏகத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவதையும் ஏற்றிக் கொடுத்தார். அதன்பிறகு பெட்டி கண் விழிக்கும்போது 'எந்தத் தளம்?' என்று கேட்டுப் பத்து விநாடி பொறுத்திருக்கும். பதில் வராவிட்டால் ஏகத்துக்குப் போய்விடும்.

நான்காம் நாள், பெட்டிக்கு நடந்தது ஆட்களுக்கும் நடக்கத் தொடங்கியது. முதலில் கண்டவர் நல்லதம்பியின் மனைவி. நல்லதம்பி காலையில் கண்ணைத் திறந்தார், இமைக்கவில்லை, பத்து விநாடி கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு எழும்பி வழமைபோலத் தேத்தண்ணியில் சீனி காணாது என்று கோப்பையைச் சுவரில் அடித்தார். மறுநாள் அந்தப் பத்து விநாடிக்குள் மனைவி அலுத்துப்போய் "ரெண்டாவது" என்றார். எழும்பிய நல்லதம்பி குசினிக்குள் போய்த் தானே தேத்தண்ணி ஊற்றினார். ஆனி பிறக்கும்போது இப்படி இரண்டு தளத்திலும் ஓடக்கூடிய ஆட்கள் எழுபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குப் பனடோல் கொடுத்து அனுப்பினார்கள்.

எழுபத்துமூன்றாவது ஆள் மயில்வாகனம். கூட்டத்துக்குக் கூட்டம் 'ஒரு கருவி, ஒரு தளம்' என்று முழங்கியவர் அவர். ஆனால் வாய்க்கால் கரையோரம் அரசு ஒதுக்கி வைத்த நிலத்துக்குள் அவர் சத்தமில்லாமல் அடைத்து விதைத்த ஒன்றரை ஏக்கருக்குப் பெர்மிட் இல்லை. ஆகவே றிஸ்வானின் கடைக்குப் பின்கதவால் போய் வந்தார்.

இந்த நிலையில்தான் குகதாசன் சந்தியில் ஒரு பதாகை கட்டினார். 'இரண்டாம் தளம் வேண்டுமா? பொதுக்கூட்டம். அனைவரும் வருக.' கொழும்பில் இருந்த காலத்தில், வன்னியில் தளம் என்றால் படைத்தளம் என்பது அவருக்கு மறந்திருந்தது. பதாகையை வாசித்த, பெட்டி இல்லாத சனத்துக்கு மறக்கவில்லை. முதலாம் தளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அதற்குள் இரண்டாவதா என்று கேட்டார்கள். மத்தியானத்துக்குள் நாலு குடும்பம் பாய், பானை, கோழிகளை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு புளியங்குளம் பக்கம் போய்விட்டது. ஒரு குடும்பம் வீட்டுக்குப் பின்னால் பங்கர் வெட்டியது. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை வைத்து முடிக்க மூன்று மணித்தியாலம்கூடச் செல்லவில்லை. அளவு ஓரங்குலம் பிசகவில்லை. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். யார் என்று ஊர் கேட்கவில்லை. வாய்க்கால் கரையில் நின்ற மயில்வாகனத்தைச் சனத்துக்கு முன்னால் மறித்தார்கள்.

"ரெண்டாவது தளம் எங்க இருக்கு?"

"என்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ள, ஐயா."

"முதலாவது?"

"அதுவும் அதுக்குள்ளதான்."

"எத்தினை பேர்?"

"எழுபத்திமூண்டு."

எழுதிக்கொண்டவர் பேனையை நிறுத்தி, "ஆர் பொறுப்பு?" என்றார். அப்போதுதான் தலைவருக்குள் இருந்த இரண்டு தளமும் பிடுங்குப்பட்டு, அவருடைய இடது கை முட்டியாகியது. வந்தவர்கள் தங்கள் சேவைக்காலத்தில் ஆட்கள் அடிவாங்குவதை நிறையக் கண்டவர்கள், ஆனால் தங்களுக்கு வேலை வைக்காத ஒருவரை அன்றுதான் கண்டார்கள். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

பொதுக்கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மங்கள விளக்கேற்றலுடன் ஆரம்பமானது. மூன்று இருபதுக்கு அந்த விளக்கால் முதல் மண்டை உடைந்தது. எண்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு தளக்காரர் தங்களையும் அடித்துக்கொண்டதால் நூற்றிருபது பேரின் அடி விழுந்தது. பிளாஸ்டிக் கதிரைகள் கால் கழன்று பறந்தன. நல்லதம்பி தன் வலது காதைத் தானே கடித்தார். அது உடம்பின் அமைப்பால் நடக்கமுடியாத காரியம், ஆனால் தழும்பு இருக்கிறது. றிஸ்வானின் வலது கையை மேசையில் வைத்து மூன்று விரல்களை மண்வெட்டிப் பிடியால் நொறுக்கினார்கள். வாக்கெடுப்பும் நடந்தது. ஒரு தளத்துக்கு அறுபத்தொன்று, இரண்டு தளத்துக்கு ஐம்பத்தெட்டு. எண்பத்திரண்டு பேரிடமிருந்து இத்தனை வாக்கு எப்படி வந்தது என்று கேட்ட ஒரே ஆளின் வாய் கட்டப்பட்டது, மருத்துவக் காரணத்துக்காக. மறுநாள் மண்டபத்தைக் கூட்டியவர்கள் இரண்டு சுண்டு அளவு பல் அள்ளி வாய்க்கால் கரையில் கொட்டினார்கள். மூன்றாம் நாள் அவை முளைத்தன. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

தீர்மானத்தின்படி இரண்டாவது தளம் எல்லாப் பெட்டிகளிலும் அழிக்கப்பட்டது. அழிக்கும்போது உரியவருக்குக் காதால் அரைக் கோப்பை இரத்தம் வந்தது. நல்லதம்பியின் மனைவி அன்று முழுவதும் அழுதார். கமலாசனியின் பெட்டி மறுபடியும் வெறும் பச்சைக் கட்டியாகியது. தலைவரின் பெட்டியை மட்டும் யாரும் சோதிக்கத் துணியவில்லை.

ஆடி முடியும்போது கமலாசனியின் வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. கதிர் வெளிக்கிடும் நேரம். அவர் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு, உச்சி வெயிலில், துருசடியில் காவல் இருந்த மயில்வாகனத்திடம் போனார்.

"மயிலண்ணை, ரெண்டு நாளில தண்ணி வராட்டில் எல்லாம் மணி பிடிக்காத சப்பிதான். பிறகு நான் நெல்லுக்குப் பதிலா உமியைத்தான் அவிக்கவேணும்."

"சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, கமலாசனி. பெர்மிட் இலக்கத்தைச் சொல்லும், இந்த நிமிசமே திறக்கிறன்."

"என்ர பெர்மிட் எப்பிடிப் போனது எண்டு உங்களுக்குத் தெரியாதோ? ஒரே பங்கருக்குள்ளதானே கிடந்தனாங்கள்."

"அது வேற கதை. இது சிஸ்ரம்."

கமலாசனி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, பிடியால் அவருடைய உச்சந்தலையில் ஒன்று போட்டார். கோபத்தில் அடித்த அடி அல்ல. தேங்காயை எந்த இடத்தில் அடிக்கவேண்டுமோ அந்த இடத்தில் அடித்த அடி. மயில்வாகனம் விழுந்தார், அவரோடு பெட்டியும் விழுந்து அணைந்தது. கமலாசனி பக்கத்தில் குந்தியிருந்தார். கொஞ்ச நேரத்தில் தலைவரின் கண்கள் திறந்தன, இமைக்கவில்லை. நல்லதம்பியின் மனைவி சொல்லிக்கொடுத்தபடி கமலாசனி விநாடிகளை எண்ணி, நாலாவதில் "ரெண்டாவது" என்றார்.

மயில்வாகனம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். நெற்றியால் இரத்தம் வடிந்தது. "என்ன தங்கச்சி, வயல் வெடிச்சுப்போய்க் கிடக்கு, இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். கிழக்கெல்லை யார், மேற்கெல்லை யார் என்று விசாரித்தார். கமலாசனி நாலையும் சொன்னார். துருசு திறந்தது. தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கும் சத்தம் றோட்டுவரை கேட்டது.

சத்தத்தைக் கேட்டுக் குகதாசன் வந்தார், பின்னால் பொல்லுகளோடு பத்துப் பன்னிரண்டு பேர். கமலாசனி துருசுக்குக் குறுக்கே நின்று மண்வெட்டியை இந்தமுறை தகட்டுப் பக்கம் முன்னால் வரப் பிடித்தார். "கிட்ட வாங்கோ, தம்பி. வாற முதல் காலை வெட்டி இதுக்குள்ளயே புதைக்கிறன், வயலுக்குப் பசளை."

"அக்காவோட எனக்குச் சண்டையில்லை," என்றார் குகதாசன். "கதவை மூட எனக்குக் கிட்ட வரவும் தேவையில்லை." அது உண்மை. துருசைத் தூரத்தில் நின்றே மூடலாம். ஆனால் அடுத்தவரின் தண்ணீரை ஒருவரும் களவாக மறிக்கக்கூடாது என்பதற்காக, மூடுபவருடைய பெயரைப் பெட்டி ஊருக்கே கேட்கும்படி உரத்துச் சொன்ன பிறகுதான் கதவு மூடும். அந்த ஏற்பாட்டுக்காகக் குகதாசன் ஒரு மாநாட்டில் கேடயம்கூட வாங்கியிருந்தார். அவர் பெட்டியை உயர்த்தினார். விரலைப் பொத்தானில் வைத்தார். திரையைப் பார்த்தார். சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைச் சட்டைக்குள் வைத்து, "இண்டைக்கு விடுவம்," என்று சொல்லி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பொல்லோடு வந்தவர்கள், வந்ததற்குத் தங்களுக்குள் நாலு அடி அடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

கமலாசனியின் இரண்டு ஏக்கரும் அந்தப் போகம் நாற்பத்தாறு மூடை தந்தது. ஆறு நாளுக்கு ஒருமுறை அவர் துருசடிக்குப் போவார், தலைவர் தலைப்பாகையைக் கழற்றி வைப்பார், அடி விழும், தண்ணீர் போகும். அடுத்த வருடம் பெர்மிட் இல்லாத இன்னும் ஒன்பது பேர் சேர்ந்ததால் அடிக்கும் முறைப் பட்டியல் ஒன்று மண்டபத்தில் ஒட்டப்பட்டது. தலைவரின் உச்சியில் கோப்பை வைக்கலாம் போல ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, மழைக்கு அதில் தண்ணீர் நிற்கும், குருவி குடிக்கும். இரண்டாம் தளத்தைத் தடைசெய்த தீர்மானம் இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. சிவதர்சினி அந்தத் தளத்தை வருடத்துக்கு இருமுறை புதுப்பித்து அனுப்புகிறார், றிஸ்வான் இடது கையால் ஏற்றுகிறார்.

குகதாசன் அன்று ஏன் துருசை மூடவில்லை என்பது, அவருடைய பெட்டி திருத்தத்துக்கு வந்தபோது றிஸ்வானுக்குத் தெரிந்தது. குகதாசன் செய்யும் வயல் அவருடையதல்ல. சீதனமாக வந்தது, பெர்மிட் இன்னும் மாமியாரின் பெயரில் இருந்தது. ஏகம் ஆறு வருடமாக ஒவ்வொரு காலையும் அவரை "வணக்கம், இராசமலர் அம்மா" என்றே வரவேற்று வந்தது.