அண்ணனின் தோள்நரம்பு காய்ந்த கதை

1

எனக்கு வலது தோள் விண்ணென்று தெறிக்கிறது. பேனாவைப் பிடித்தால் வலி முழங்கை வரைக்கும் இறங்குகிறது. மூட்டை தூக்கிப் பிழைத்த குடும்பம். உட்கார்ந்து எழுதப் போனாலும் உடம்பு பழசை மறக்காது. இருந்தும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அண்ணன். அவர் என்னிடம் ஒரு கதை கேட்டார். அதுவும் பொய்க் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மனித உடலின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் ரகசியங்களை அறிவியல்—"

அடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் இப்படிப் பேசினால் எழுந்து போய்விடுவார்கள்.

2

நடந்ததைச் சொல்கிறேன். லாரியிலிருந்து துணிப் பொதிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே அண்ணன். கீழே மச்சான், அதாவது அண்ணியின் தம்பி. கட்டுக் கயிற்றை மச்சான் கொஞ்சம் முந்தி அவிழ்த்துவிட்டார். மேல் பொதி சரிந்தது. அண்ணன் ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்தார். மச்சானின் தலை தப்பியது. அண்ணனின் தோளில் ஏதோ அறுந்த சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

(சத்தம் கேட்டதாகச் சொன்னது மச்சான். அண்ணனுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. இருவரில் யாரையும் நான் திருத்தப் போவதில்லை.)

அறுந்தது தசைநாண் என்றார் டாக்டர். நாங்கள் நரம்பு என்போம். தைத்தார்கள். கை இனி தோளுக்கு மேல் எழாது. அன்றிலிருந்து மச்சான் வீட்டுக்குள் வருவதில்லை.

"என் கூடப் பிறந்தவன் வாசல்ல சாமான் பையை வெச்சுட்டு, செருப்பைக்கூடக் கழட்டாம போறான்," என்றார் அண்ணி. "நான் என்ன அவனைக் கடிச்சுத் தின்னுடுவேனா?"

3

ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்க்க வந்த அறிவியல் ஆய்வாளரை எனக்குச் சரியாக எழுத வரவில்லை. முதல் வரைவில் அவருக்குத் தடித்த கண்ணாடி மாட்டினேன். அடுத்ததில் கல்நெஞ்சக்காரி ஆக்கினேன். இரண்டும் சோம்பேறித்தனம். தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு பெண் வந்தார், அவ்வளவுதான். அறுவையில் வெட்டி எடுத்த நரம்பின் நுனித் துண்டைத் தன் ஆய்வுக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

"அதை வெச்சு என்னம்மா பண்ணுவீங்க?" என்றார் அண்ணன்.

"எக்ஸ்ரேயை மெல்லிசா அதுக்குள்ள விடுவோம். பெரும்பகுதி நேரா போயிடும். கொஞ்சம் மட்டும் துளியூண்டு கோணத்துல விலகும். அந்த விலகலை வெச்சு உள்ள நாரெல்லாம் எப்படி அடுக்கியிருக்குன்னு சொல்லலாம்."

"பொதியைப் பிரிக்காமலே உள்அடுக்கைப் பாக்கற மாதிரி."

"அப்படித்தான்."

"அப்ப எனக்கு ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அன்னிக்குப் புடிச்சதுல அறுந்துச்சா, இல்ல ஏற்கெனவே நைஞ்சு கிடந்துச்சா?"

முன்பே நைந்திருந்தால் மச்சான் மேல் பழி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாம். அண்ணனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

[பக்கக் குறிப்பு: பாலில் மிதக்கும் புரதத் துணுக்கு, எலும்பில் படியும் சுண்ணாம்பு, இறுகும் சிமெண்டு என்று பலதையும் இந்தச் சிறுகோணச் சிதறலால் பார்க்கிறார்களாம். நரம்பு நாரில் வரிவரியாகக் கோடுகள் உண்டு; இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தலைமுடித் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. நேராக வரும் கதிர் கருவியைப் பாழாக்கும் என்பதால் நடுவில் சின்ன ஈயத் துண்டு வைத்து மறைத்துவிடுவார்கள். ஓரத்தில் விழுவதை வைத்துத்தான் எதையும் சொல்ல வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.]

4

முடிவு ஒன்றை எழுதினேன்: படத்தில் வரிகள் கலங்கிக் கிடந்தன, நரம்பு முன்பே நைந்திருந்தது, மச்சான் உள்ளே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணி—

நிறுத்திவிட்டேன். அண்ணி அழுவதை எழுதும்போது கை சுகமாக ஓடியது. அந்தச் சுகத்தை நான் நம்பவில்லை.

இன்னொன்று: வரிகள் கூர்மையாக இருந்தன, அது நல்ல நரம்பு, அன்றுதான் அறுந்தது, ஆகவே மச்சான்

(இதை முடிக்க மனம் வரவில்லை.)

நடந்தது வேறு. ஆய்வாளர் எங்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். ஜன்னல் இல்லாத அறை. பம்பு ஓயாமல் இரைந்தது. துண்டை உப்புநீரோடு இரண்டு மெல்லிய தாள்களுக்கு நடுவே வைத்து மூடுவது வழக்கம். கதிர் ஒரே இடத்தில் பட்டால் சதை கெட்டுவிடும் என்று, இடத்தை மாற்றி மாற்றி வைப்பதிலேயே அவர் கண்ணாக இருந்திருக்கிறார். தாளின் ஓரம் ஒட்டாமல் இருந்ததைக் கவனிக்கவில்லை. தண்ணீர் வற்றிப்போயிற்று. காய்ந்த நரம்பில் வரிகள் நெருங்கும், அடுக்கும் கலையும். நைந்ததால் கலைந்ததா, காய்ந்ததால் கலைந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

"மறுபடி நனைச்சுப் பாக்கலாமே," என்றேன்.

"பாத்துட்டேன். கதிர் பட்ட இடமெல்லாம் கெட்டுப்போச்சு. பழையபடி திரும்பல." எங்கள் முகத்தைப் பார்த்தேதான் சொன்னார். "தப்பு என்னோடது. ஆனா தெரியாததைத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன்."

"இன்னொரு துண்டு வேணும்னா மறுபடி தோளைப் பிரிக்கணும்," என்றார் அண்ணன். "அதுக்கு முன்னாடி என் பொண்டாட்டி என்னைப் பிரிச்சு மேஞ்சுடுவா."

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன அண்ணனும் சிரிக்கவில்லை.

5

பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணன் கேட்டார்.

"நீ எழுதேன். நைஞ்சு கிடந்துச்சுன்னு எழுது."

"பொய்யாண்ணே?"

"நீ எழுதறதெல்லாமே பொய்தானடா. அதுல ஒண்ணு எனக்கு உதவட்டும். நீ எழுதறதையெல்லாம் தங்கச்சி அவனுக்கு வாசிச்சுக் காட்டுது. நம்பிடுவான்."

தங்கச்சி என்றது மச்சானின் மனைவியை.

"நரம்பு முன்பே நைந்திருந்ததாக ஆய்வில்—" என்று எழுதினேன். அதற்கு மேல் போகவில்லை. மச்சான் விவரம் தெரியாதவர் அல்ல. அடிபட்டதற்கு முந்தின நாள் அண்ணன் எப்படிப் பொதி தூக்கினார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர். தன்னைத் தேற்ற ஒரு குடும்பமே பொய் சொல்கிறது என்று தெரிந்தால் வாசலுக்கும் வர மாட்டார். உண்மையைச் சொல்லலாம் என்றால், "தெரியாது" என்பதை எந்த மனுஷன் பதிலாக எடுத்துக்கொள்வான்?

மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இனி ஒருத்தியோடு மட்டும் பேசுகிறேன்.

தங்கச்சி, இதுவரைக்கும் சத்தமாக வாசித்திருந்தால் அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. நரம்பு முன்பே நைந்திருந்தது என்ற முதல் முடிவோடு நீ வாயை மூடியிருந்தால், அவரைப் பொறுத்தவரை அதுதான் முடிவு. நான் மறுத்துப் பேச மாட்டேன், அண்ணனும் மாட்டார். எதுவரைக்கும் வாசித்தாய் என்று எங்களுக்குச் சொல்லவும் வேண்டாம். ஆனால் நீ எங்கே நிறுத்தியிருந்தாலும் ஒன்று மாறாது. அந்த நரம்பு அவரால்தான் அறுந்ததா என்பதற்கு மச்சானுக்கு நாங்கள் ஒரு பதில் தர வேண்டும். அதை இன்னும் தரவில்லை.