குட்டையாகிப்போன பலகைகள்

எட்டுப் பலகைகள் இருந்தன. எட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினால் கடற்சுவரின் உச்சியைத் தொட வேண்டும். அந்த அளவுக்கென்றே அறுத்தவை. நவம்பர் புயலன்று எட்டையும் இறக்கிய பிறகும் மேலே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. நான் திரும்ப எண்ணிப் பார்த்தேன். எட்டுதான். சுவர் வளரவில்லை, தரை இறங்கவில்லை. பலகைகள் குட்டையாகியிருந்தன.

எங்கள் ஊர் போர்த் வெலன், வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஊரைக் காக்கும் சுவரில் ஒரே ஒரு வாய் உண்டு. படகுகளை இழுத்து ஏற்றுவதற்காக விட்ட வாய். அதன் இரு ஓரங்களிலும் கல்லில் செங்குத்தாகக் காடி, அதாவது நீண்ட பள்ளம், வெட்டியிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் ஓக் பலகைகளின் நுனிகளை அந்தக் காடிகளுக்குள் விட்டு, ஒவ்வொன்றாகக் கீழே இறக்குவோம். வாய் மூடிவிடும். இதைவிட எளிய கதவு உலகத்தில் இருக்க முடியாது. கீல் இல்லை, பூட்டு இல்லை, கெட்டுப்போக எதுவுமே இல்லை.

ஆனால் அன்று கெட்டுப்போனது. நான்கு விரற்கடை வழியாக அலை உள்ளே எகிறியது. அது போதாதென்று பலகைகள் மிதந்து எழும்பி, ஒன்றுக்கொன்று நடுவே இடுக்கு விட்டு, அங்கிருந்தும் தண்ணீர் பீய்ச்சியது. வாயை ஒட்டி நிற்பது டெக்வெனின் ரொட்டிக்கடை. கடல் அவளுடைய அடுப்பின் வாய்வரை ஏறி நின்றது.

கடற்கரை ஆணையம் ஒரு அறிக்கை அனுப்பியது. பலகை அடைப்பு பயனற்றது, சுவரின் ஆயுள் முடிந்துவிட்டது, இனி பராமரிக்கப் பரிந்துரை இல்லை. நாங்கள் கேட்டிருந்த இரும்புக் கதவைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. கைவிட்ட சுவருக்குப் பின்னால் இருக்கும் கடைக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமும் காப்பீடு தராது, காப்பீடு இல்லாத கடைக்கு வங்கி கடன் தராது. டெக்வென் கடையை மூட வேண்டும். அவளுக்குப் பிறகு அந்த வரிசை முழுவதும். பிப்ரவரியில் கடைசியாக ஒரு சோதனை வைப்பார்கள், அதிலும் தோற்றால் முடிவு உறுதி என்றார்கள்.

அந்த வாரமே தேவாலயத்தின் பின்னறையில் சுவர்க் குழு கூடியது. நான் அதன் செயலாளர். மாவட்டப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன்.

"பலகைய மாத்திட்டானுங்க," என்றான் இவோர். ஊரில் இரண்டு இவோர்கள் இருப்பதால், நண்டு பிடிக்கும் இவனை நண்டு இவோர் என்போம்.

"ஓக் பலகைய திருடி என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? எவனோ ஒரு ஆபீசர் வீட்ல சாப்பாட்டு மேசையா கெடக்கும். நம்ம ஊர்ச் சுவத்துமேல தட்ட வச்சு கோழி தின்னுட்டு இருப்பான்."

டெக்வென் சிரிக்கவில்லை. "நான் ரெண்டு தடவ எழுதினேன். என்ன பதில் தெரியுமா? 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு. என் அடுப்புக்குள்ள கடல்பாசி கெடக்கு. அது கருத்தாம்."

கோபத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை பலகைகள் எங்களிடம்தான் இருந்தன. வைக்க வேறு இடமில்லாமல், படகு ஏற்றும் சரிவுக்குப் பக்கத்துக் குளத்தில் சங்கிலி கட்டி, குளிர்காலம் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே போட்டு வைத்திருந்தோம். எச்சரிக்கை வந்த கால் மணி நேரத்தில் வாய் மூடிவிடும். ஆணையம் வந்து, பொதுமக்கள் பாரம் தூக்குவது ஆபத்து, நனைந்த மரம் உளுத்துப்போகும் என்று இரண்டு காரணம் சொல்லி எட்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. குன்றுக்கு அந்தப் பக்கம் நகரத்தில், வெப்பமூட்டிய கிடங்கில், எண்ணிட்ட தட்டுகளில் அழகாக அடுக்கி வைத்தார்கள். புயல் வரும்போது லாரியில் கொண்டுவருவார்கள். நாங்கள் மழையில் நின்று, எங்கள் கதவு எங்களுக்கு வந்து சேருமா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நனைந்த மாவு மூட்டைகளை மாவட்ட அலுவலக வாசலில் அடுக்கினோம். வண்டி நிறுத்தும் இடத்தை மறைக்கிறோம் என்று காவலாளி எங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தான். பலகைகளை மாற்றிவிட்டதாகப் புகார் எழுதினோம். பலகைகளின் நீளத்தை அளந்து பார்த்ததாகவும், பழைய அளவிலிருந்து இம்மியும் மாறவில்லை என்றும் பதில் வந்தது. அதுதான் என்னைக் குழப்பியது. புயலன்று நானும் நாடா வைத்து அளந்திருந்தேன். நீளம் சரியாகத்தான் இருந்தது. வேறு பலகைகளாக இருந்தால் அந்தப் பழைய காடிகளில் அவ்வளவு கச்சிதமாக எப்படி உட்காரும்? அதே பலகைகளாக இருந்தால் மேலே ஏன் எட்டவில்லை?

சோதனை நாளில் கடல் அமைதியாக இருந்தது. ஆணையத்தின் பொறியாளர் மெய்ரிக் லாரியில் வந்து இறங்கினார். பலகைகளை வரிசையாகத் தரையில் கிடத்தினார்கள். ஏழுதான் இருந்தன.

"நவம்பர்ல திருப்பி ஏத்தும்போதே ஒண்ணு குறைஞ்சுது," என்றார் மெய்ரிக். "ஐந்தாம் நம்பர். அரசாங்கச் சொத்து. யாரு எடுத்ததுன்னு இப்பவே சொல்லிட்டா நல்லது."

"நாந்தான்," என்றான் இவோர். "ஆதாரத்துக்கு எடுத்து வச்சேன். என் படகுக்கு அடியில தண்ணிக்குள்ள கட்டிப் போட்டிருக்கேன். உங்காளுங்க ஊர் முழுக்கத் தேடினாங்களே, ஒருத்தனாவது கால நனைச்சானா?"

இரண்டு பேர் சேர்ந்து அதை இழுத்து வந்தார்கள். தூக்க முடியாத கனம். மற்ற ஏழுக்கும் பக்கத்தில் கிடத்தியதும் எல்லோருக்கும் தெரிந்தது. அது மற்றவற்றைவிட அரை விரல் அகலம் கூடுதலாக இருந்தது.

"பாத்தீங்களா?" என்றான் இவோர். "இதுதான் எங்க பலகை. மத்த ஏழும் டூப்ளிகேட்."

மெய்ரிக் குனிந்து, மரத்தில் சூடுபோட்ட எண்ணைக் காட்டினார். "இது எங்க கிடங்கு முத்திரை. எட்டுக்கும் ஒரே நாள்ல போட்டது. மத்ததோட சேந்து எங்ககிட்டயிருந்துதான் இதுவும் வந்துது. இப்ப அகலம் வேறயா இருக்குன்னா, முத்திரையையும் காப்பியடிச்சு நீங்கதான் இத மாத்தியிருக்கணும்."

"நான் மாத்துவேனா? எனக்கு ஓக் மரம் எங்கேருந்து வருது, நண்டு வலையில மாட்டுதா?"

இருவரும் கத்திக்கொண்டிருக்க, நான் ஈரப் பலகையின் பக்கத்தில் மண்டியிட்டேன். நாடாவை நீளவாக்கில் வைத்தேன். எட்டும் ஒன்றே. அகலவாக்கில் வைத்தேன். இதற்கு மட்டும் அரை விரல் கூடுதல். எட்டுப் பலகைக்கு எட்டு அரை விரல். கூட்டினால் நான்கு விரற்கடை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க," என்றேன். "யாரும் எதையும் மாத்தல."

மரம் என்பது ஒரு கட்டு வைக்கோல் மாதிரி. மெல்லிய குழாய்கள் நீளவாக்கில் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. தண்ணீர் குடித்தால் ஒவ்வொரு குழாயின் சுவரும் தடிக்கும். அதனால் கட்டு பக்கவாட்டில் பருக்கும், ஆனால் நீளாது. காய்ந்தால் பக்கவாட்டில் சுருங்கும், நீளம் அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் கதவு நிலையோடு பிடித்துக்கொள்வதும் இதனால்தான். கிடங்கின் வெப்பத்தில் மூன்று ஆண்டுகள் கிடந்த பலகைகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அரை விரல் சுருங்கியிருந்தன. ஆணையம் நீளத்தை மட்டும் அளந்துவிட்டு எதுவும் மாறவில்லை என்றது. அவை மிதந்ததற்கும் காரணம் அதுவே. ஊறிய ஓக் தண்ணீரில் அமுங்கும், காய்ந்த ஓக் எழும்பும்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் இவோரின் முகம் மாறிவிட்டது.

"அட, வருசா வருசம் படகு இறக்கும்போது ரெண்டு நாள் ஒழுகும்," என்றான் மெதுவாக. "ஊறினதும் தானா அடைச்சுக்கும். தெரியாத விசயமா இது? திருட்டுப்பய யாருன்னு தேடுறதுலயே புத்தி போயிடுச்சு."

டெக்வென் மெய்ரிக்கிடம் போனாள். குரலை உயர்த்தவில்லை. "எங்க சுவத்த எடுத்துட்டுப் போய் அடுப்புல காய வச்சீங்க. சுருங்கினதும், சுவரு சரியில்ல, ஊர விட்டுடலாம்னு எழுதினீங்க. அப்படித்தானே, சார்?"

"மரத்தப் பத்தி எங்க விதிமுறையில..." என்று அவர் தொடங்கினார்.

"விதிமுறைக்கு அடுப்பு கெடையாது. எனக்கு இருக்கு. இன்னிக்கு இந்தச் சோதன நடக்காது. எட்டையும் குளத்துல போடுங்க. மார்ச் கடைசியில பெரிய கடலேற்றம் வருது. அன்னிக்கு வந்து அளங்க. அது முடியாதுன்னு அந்த அறிக்கையில கையெழுத்துப் போட்டீங்கன்னா, ஊறின இந்தப் பலகையையும் காஞ்சது ஒண்ணையும் இப்பவே தூக்கிட்டு வந்து உங்க அலுவலகத்து வாசல்ல பக்கத்துல பக்கத்துல வைப்போம். நாடாவோட. பத்திரிகைக்காரங்களோட."

அவர் காய்ந்த பலகை ஒன்றை ஈரப் பலகையோடு ஒட்டிப் போடச் சொன்னார். பிறகு தானே நாடாவை வாங்கி அகலத்தை அளந்தார். லாரி வெறுமையாகத் திரும்பியது.

மார்ச் இறுதியில் எட்டையும் இறக்கினோம். மேல் பலகை சுவரின் உச்சியோடு மட்டமாக நின்றது. ஏற்றம் உச்சத்துக்கு வந்தபோதும் ஒன்றுகூட எழும்பவில்லை. டெக்வெனின் வாசற்படி காய்ந்தே கிடந்தது. சுவரைக் கைவிடும் பரிந்துரையை ஆணையம் திரும்பப் பெற்றது, மன்னிப்பு என்ற சொல் எங்கும் வராமல். இரும்புக் கதவுக்கான சண்டையை நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம். அது வரும்வரை ஏற்பாடு இதுதான். பலகைகள் ஊரிலேயே இருக்கும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சரிவுக்குப் பக்கத்துக் குளத்தில், சங்கிலியோடு, தண்ணீருக்குள். கோடையில் தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம், ஈரச் சாக்கின் அடியில். எச்சரிக்கை வந்ததும் ஊரார் இறக்குவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மெய்ரிக் வந்து அளப்பார், நீளத்தை அல்ல, அகலத்தை.